புதிய ட்ரவுட் ஓடையை நோட்டம் பார்ப்பது எப்படி?

புதிய ஓடைக்குப் போகிற பலர், வண்டியை நிறுத்திய இடத்துக்கு நேரே இறங்கி, கண்ணில் பட்ட முதல் மடுவில் தூண்டிலை வீசுகிறார்கள். அங்கிருந்த ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீன் அவர்கள் கரைக்கு வரும்போதே பாறைக்கடியில் போய்விட்டிருக்கும். பண்ணையில் வளர்ந்த மீன் ஆள் நடமாட்டத்துக்குப் பழகியது. ஓடையிலேயே பிறந்து வளர்ந்த மீனுக்கு அசையும் நிழல் எல்லாமே எதிரிதான். அதனால் ஒரு நாள் முன்னதாக, தூண்டில் இல்லாமல் போங்கள். கையில் தூண்டில் இருந்தால் நீங்கள் பார்க்க மாட்டீர்கள், வீசத்தான் செய்வீர்கள்.

1. வீட்டிலேயே வரைபடம்

சமஉயரக் கோடுகள் உள்ள வரைபடத்தை எடுங்கள். கோடுகள் நெருக்கமாக ஓடையைக் கடந்தால் அங்கே சரிவு அதிகம். பாறைகளுக்கு நடுவே சின்னச் சின்ன குழிகளில் மீன் நிற்கும். கோடுகள் விலகி இருந்தால் ஓடை வளைந்து நெளிந்து போகும். வளைவின் வெளிப்பக்கம் ஆழமாக இருக்கும். செயற்கைக்கோள் படத்தில் வெண்மையாகத் தெரிவது நுரைத்து ஓடும் தண்ணீர். கிளை ஓடைகள் வந்து சேரும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் குளிர்ந்த கிளை ஓடை கலக்கும் இடத்தில் மீன்கள் கூடும்.

மேலே அணை இருக்கிறதா என்றும் பாருங்கள். மழையே இல்லாமல் தண்ணீர் திடீரென்று ஏறலாம். உரிமம், மீன்பிடி தடைக்காலம், தனியார் நிலம் ஆகியவற்றையும் இப்போதே விசாரித்துவிடுங்கள்.

2. தெர்மாமீட்டர்

குளிர்ந்த தண்ணீரில்தான் ஆக்சிஜன் அதிகம் கரைந்திருக்கும். ட்ரவுட்டுக்கு அது நிறையவே வேண்டும். சுமார் 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக இரை எடுக்கும். 20 டிகிரியை நெருங்கினால் தூண்டில் போடுவதையே விட்டுவிடுங்கள். பிடித்துத் திரும்ப விட்டாலும் மீன் பிழைப்பது சந்தேகம். காலையில் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். பிற்பகல் கடைசியில், ஓடும் தண்ணீரில், வெயில் படாமல் இன்னொரு முறை அளங்கள்.

3. நடக்கும் விதம்

ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து, தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நிற்கும். அதனால் கீழிருந்து மேல்நோக்கி நடந்தால் அதன் முதுகுப் பக்கமாக வருவீர்கள். கரை விளிம்பை விட்டுத் தள்ளி, குனிந்து, நிழல் தண்ணீரில் விழாமல் நடங்கள். போலரைஸ்டு கண்ணாடி அணிந்தால் மேற்பரப்பின் பளபளப்பு குறைந்து அடிப்பகுதி தெரியும். ஒவ்வொரு மடுவுக்கும் பத்து நிமிடம் உட்காருங்கள். முதலில் எதுவும் தெரியாது. அப்புறம் ஒரு 'கல்' மெல்ல வாலசைக்கும்!

4. தண்ணீரைப் படிப்பது

நோட்டத்தின் உயிரே இதுதான், அவசரப்படாதீர்கள். மீன் ஒரு கணக்குப் போடுகிறது: நீந்திச் செலவழிக்கும் சக்தியைவிட வரும் இரை அதிகமாக இருக்க வேண்டும், பக்கத்தில் ஒளியவும் இடம் வேண்டும். வேகமான தண்ணீரும் மெதுவான தண்ணீரும் உரசும் கோட்டைத் தேடுங்கள். அதில் நுரை வரிசையாகப் போகும். மீன் மெதுவான பக்கம் நின்றுகொண்டு, வேகமான பக்கம் மிதந்து வருவதைக் கவ்வும்.

பாறைக்குப் பின்னால் மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். பாறைக்கு முன்னாலும் தண்ணீர் மோதித் தணியும் ஒரு சின்ன இடம் உண்டு. நல்ல மீன் அங்கேயும் நிற்கும். கரை அடியில் குடைந்த இடம், விழுந்த மரம், மடு ஆழம் குறைந்து முடியும் வால்பகுதி ஆகியவற்றையும் விடாதீர்கள். வால்பகுதியில் அந்தி நேரத்தில் பெரிய மீன் இரை தேட வரும். பட்டப்பகலில் வெறுமையாகத் தெரிந்தால் அந்த இடத்தை ஒதுக்கிவிடாதீர்கள்.

5. கல்லைப் புரட்டுங்கள்

சலசலத்து ஓடும் இடத்தில் நாலைந்து கற்களை எடுத்து அடிப்பக்கம் பாருங்கள். ட்ரவுட் தின்னும் பூச்சிகளின் குஞ்சுகள் அங்கே ஒட்டியிருக்கும். பெரும்பாலும் மூன்று வால் இருந்தால் மேஃபிளை குஞ்சு, இரண்டு வால் இருந்தால் ஸ்டோன்ஃபிளை. மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டியிருந்தால் கேடிஸ். எது அதிகமோ அதன் அளவையும் நிறத்தையும் ஒத்த ஃபிளையை (பூச்சி போலச் செய்த தூண்டில் இரையை) எடுத்துவையுங்கள். கல்லை முன்பு இருந்தபடியே வைத்துவிடுங்கள். அது அவற்றின் வீடு.

6. மிதிக்கக் கூடாத இடம்

பாசி படிந்த கூழாங்கற்களுக்கு நடுவே ஒரு திட்டு மட்டும் கழுவியதுபோல் வெளிறி இருந்தால் அது முட்டைக்குழியாக இருக்கலாம். பிரவுன் ட்ரவுட் இலையுதிர் காலத்திலும், ரெயின்போ ட்ரவுட் பெரும்பாலும் வசந்தத்திலும் முட்டையிடும். மீன் போன பிறகும் வாரக்கணக்கில், குளிர்காலத்தில் மாதக்கணக்கில்கூட, முட்டைகள் அந்தக் கற்களுக்கடியில் இருக்கும். ஒரு காலடியில் நூற்றுக்கணக்கான முட்டைகள் நசுங்கலாம். அந்த இடத்தை வரைபடத்தில் குறித்து, சுற்றிப் போங்கள்.

7. கிளம்பும் முன்

கடக்கத் திட்டமிட்ட இடத்தில் பாதி மூழ்கிய ஒரு பாறையைப் படம் எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் காலணியைக் கழுவி முழுவதும் காயவையுங்கள். ஈரத்தோடு அடுத்த ஓடைக்குப் போனால் அயல் பாசியும் நோயும் கூடவே போகும். மீன்பிடிக்கும் நாளில் முதல் வேலையாக அந்தப் பாறையைப் பாருங்கள். அது முழுவதும் மூழ்கியிருந்தால் அங்கே கடக்காமல், இந்தக் கரையிலேயே மேல்நோக்கி நடங்கள்.