முதல் ட்ரெய்னர் விமானம்: தரையிலேயே நடந்துவிடும் தவறுகள்

கோடையில் ஏரி வற்றியதும் ஆர்.சி., அதாவது ரேடியோ ரிமோட்டில் இயங்கும் சின்ன விமானங்களைப் பறக்கவிடும் எங்கள் பக்கத்து ஆட்கள் கூடும் இடம் அந்த ஏரித் தரைதான். புதிதாக விமானம் கட்டியவர்களும் அங்கேதான் எடுத்து வருவார்கள். அவர்களில் பலருக்கு முதல் பறப்பு சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. விழுந்ததும் எல்லோரும் தங்கள் விரல்களைத்தான் குறை சொல்கிறார்கள். "ஸ்டிக்கைச் சரியா அசைக்கலைங்க" என்பார்கள். பக்கத்தில் போய் விமானத்தைத் தூக்கிப் பார்த்தால், கை தேர்ந்த ஒருவர் ஓட்டியிருந்தாலும் அது விழுந்திருக்கும் என்று தெரியும். நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் அதே வரிசையில் செய்வதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

பேட்டரியைச் சார்ஜ் செய்ய மறப்பது, ஸ்க்ரூவை இறுக்காமல் விடுவது போன்றவற்றை இங்கே சேர்க்கவில்லை. அவை ஒருமுறை நடந்தால் அடுத்த முறை தானாகச் சரியாகிவிடும். மனதில் வைத்துப் பேசுவது பறக்கவிடப் பழகுவதற்காகப் பெரும்பாலானோர் கட்டும் வழக்கமான ட்ரெய்னரை: உடலுக்கு மேலே அமர்ந்த இறக்கை, நுனிக்கு நுனி 1 மீட்டருக்குச் சற்று அதிகம், ஃபோம் போர்டு உடல், 2212 அளவு 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று) மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி., இறக்கை, வால் மடல்களை அசைக்கும் 9 கிராம் சர்வோக்கள், 3 செல் 2200 எம்.ஏ.எச். லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி.

## ஒட்டும் பசை

சாதாரண சூப்பர் க்ளூ தெர்மாகோலைக் கரைத்துவிடும். ஃபோமுக்கு என்று விற்பதை வாங்குங்கள்.

## ப்ரொபெல்லர்

மேசையில் எதைச் சோதித்தாலும் முதலில் அதைக் கழற்றி வையுங்கள். மாட்டும்போது எண்கள் அச்சிட்ட பக்கம் விமானம் போகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும்.

## வால் கனத்த விமானம்

இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். செலவே இல்லாமல் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். ஆனாலும் வாராவாரம் யாரோ ஒருவருடைய விமானம் இதனால் மண்ணில் கிடக்கிறது.

விமானத்தின் மொத்த எடையும் சமநிலையில் நிற்கும் புள்ளியைத்தான் சி.ஜி. என்கிறோம். ட்ரெய்னருக்கு அது இறக்கையின் முன் விளிம்பிலிருந்து, இறக்கை அகலத்தில் 25 முதல் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் நடுவே 20 செ.மீ. இருக்கும் நேரான இறக்கை என்றால், முன் விளிம்பிலிருந்து 5 முதல் 6 செ.மீ. வரை.

இந்த இடம் சரியாக இருந்தால், காற்று மூக்கைக் கொஞ்சம் தூக்கியதும் வால் அதைத் தானே சரிசெய்து இறக்கிவிடும். எடை பின்னால் நகர நகர அந்தக் குணம் குறையும். ஓர் எல்லையைத் தாண்டினால் நேர்மாறாகிவிடும். கொஞ்சம் தூக்கிய மூக்கு தானாகவே இன்னும் தூக்கும், வேகம் குறையும், இறக்கை ஸ்டால் ஆகும், அதாவது தூக்கும் சக்தியை இழக்கும், ஒரு பக்கம் சரிந்து விழும். கையிலிருந்து புறப்பட்டு இவ்வளவும் நடக்க இரண்டு மூன்று நொடிதான். புதியவர் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வதற்குள் முடிந்துவிடும். மூக்கு கொஞ்சம் கனத்த விமானம் அப்படியில்லை. வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் மடலான எலிவேட்டருக்கு மந்தமாகத் திரும்பும், தரையிறங்கும்போது வேகமாக வரும், ஆனால் ஓட்ட முடியும்.

ஒருமுறை பொறியியல் கல்லூரி மாணவர்கள் சிலர் ஒரு விமானம் கொண்டுவந்தார்கள். ஏரோநாட்டிகல் படிக்கிற பிள்ளைகள். சி.ஜி. கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பிரிண்ட் எடுத்தே வந்திருந்தார்கள், கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கேட்டபோதுதான் தெரிந்தது, வெறும் உடலை வைத்து ஒருமுறை பார்த்ததோடு சரி. அதன் பிறகு வாலுக்குச் சிவப்பு டேப் சுற்றி, கல்லூரிப் பெயரை ஒட்டி, ஹிஞ்சுகளுக்கு ஹாட் க்ளூவைத் தாராளமாக வைத்திருந்தார்கள். பேட்டரி முன்னால் நுழையாததால் இறக்கைக்கு அடியில் தள்ளியிருந்தார்கள். "வீசாதீங்க, விரலில் வச்சுப் பார்ப்போம்" என்றேன். வீடியோ எடுக்க நண்பர்கள் காத்திருந்தார்கள், வீசிவிட்டார்கள். விமானம் செங்குத்தாக மேலே எழும்பி, இடப்பக்கம் சாய்ந்து, மூக்கால் குத்தியது.

அது போகட்டும். எனக்கு வருத்தம் அடுத்து நடந்ததில்தான். மோட்டாருக்குப் பவர் போதவில்லை என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். நசுங்கிய மூக்கை நேராக வெட்டி எடுத்து, மிச்சத்தில் மோட்டாரை ஒட்டினார்கள். மூக்கு இப்போது 2 செ.மீ. குட்டை. விரிசல் விட்ட வால் பகுதிக்குள் ஒரு கார்பன் கம்பியைச் செருகி, அதற்கும் ஹாட் க்ளூ. முன்னால் எடையை உள்ளே இழுத்து, பின்னால் எடையைக் கூட்டி, மறுவாரம் அதே ஏரிக்கு வந்தார்கள். விழுந்தது எப்படி என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் குழுவில் நன்றாகக் கட்டத் தெரிந்த ஒரு பையன் அதற்கப்புறம் ஏரிப் பக்கமே வரவில்லை. தனக்கு இது வராது என்று நினைத்துவிட்டான். அவனுக்கு எல்லாம் வரும். விமானம்தான் சரியில்லை.

வாலில் சேரும் எடை எவ்வளவு கெடுதல் என்று ஒரு சின்னக் கணக்கில் பாருங்கள். சி.ஜி.யிலிருந்து வால் 50 செ.மீ. தள்ளி இருக்கிறது, அங்கே 10 கிராம் டேப்பும் பசையும் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஈடுகட்ட 180 கிராம் பேட்டரியை ஏறக்குறைய 3 செ.மீ. முன்னால் நகர்த்த வேண்டும். அவ்வளவு இடம் உங்கள் விமானத்தின் மூக்கில் இருக்கிறதா? இல்லையென்றால் மூக்கில் வேறு எடை வைக்க வேண்டும். மூக்கு வாலைவிடக் குட்டை, அதனால் 10 கிராமுக்கு 25 கிராம் வரைகூடக் கேட்கும். ஆகவே வால் பக்கம் வைக்கும் ஒவ்வொரு சொட்டுப் பசையையும் யோசித்து வையுங்கள். மூக்கில் ஒட்டும் டேப்பைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. ஃப்ளைட் டெஸ்ட் என்ற அமெரிக்க யூடியூப் குழு போன்றவர்களின் இலவசத் திட்டப்படங்கள் அமெரிக்க டாலர் கடைகளில் கிடைக்கும் லேசான ஃபோம் போர்டை மனதில் வைத்து வரைந்தவை. இங்கே ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் ஃபோம் போர்டு பல சமயம் அதைவிடக் கனமாக இருக்கிறது. சன் போர்டு என்று விற்கும் பி.வி.சி. பலகையோ இன்னும் மோசம், அதில் விமானமே கட்டக் கூடாது. கனமான போர்டில் அதே அளவில் வெட்டினால் வாலும் கனமாகும். படத்தில் பேட்டரிக்குக் குறித்த இடம் உங்கள் விமானத்துக்குப் பொருந்தாது, சி.ஜி. குறித்த இடம் மட்டும்தான் பொருந்தும். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காதவர்கள் "படத்தில் இருந்தபடிதானே வைத்தேன்" என்று கேட்கிறார்கள்.

பார்க்கும் முறை இது. பறக்கும்போது எதெல்லாம் மேலே போகுமோ அத்தனையும் மாட்டியிருக்க வேண்டும்: பேட்டரி, ப்ரொபெல்லர், சக்கரம், பேட்டரி மூடி, எல்லாம். இறக்கைக்கு அடியில், உடலுக்கு இரண்டு பக்கமும், கணக்குப்படி வந்த இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். அந்தக் கோடுகளில் இரண்டு விரல் நுனி வைத்துத் தூக்குங்கள். மூக்கு லேசாகக் கீழே தாழ்ந்து நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள், சரியான இடம் வந்ததும் அங்கே வெல்க்ரோ ஒட்டி, பேட்டரி விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு. இனி எப்போதும் பேட்டரி அந்தக் கோட்டில்தான். இதை மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

பிறகு மைதானத்தில், உயரமாகப் புல் வளர்ந்த இடத்தில், மோட்டார் ஓடாமல், எதிர்க்காற்றைப் பார்த்து, தோள் உயரத்திலிருந்து நேராகத் தள்ளிவிட்டுப் பாருங்கள். மெதுவாக இறங்கிப் புல்லில் அமர்ந்தால் நல்லது. எழும்பி நின்று தொப்பென்று விழுந்தால் வால் கனம், அல்லது எலிவேட்டர் மேல்நோக்கி மடங்கியிருக்கிறது. இரண்டையும் பாருங்கள். விமானத்தைப் பழுதுபார்த்து ஒட்டிய ஒவ்வொரு முறையும் விரல் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

## சர்வோ அசைகிறது, சரி. எந்தப் பக்கம்?

தரையில் எல்லோரும் ஏலரானை, அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடலை, ஆட்டிப் பார்க்கிறார்கள். அசைகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள், அதுவும் விமானத்துக்கு முன்னால் குனிந்து நின்றுகொண்டு. விமானத்துக்குப் பின்னால் நில்லுங்கள். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது ஏலரான் மேலே எழ வேண்டும், இடது கீழே போக வேண்டும். எலிவேட்டர் ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் மேலே. வாலில் நிமிர்ந்து நிற்கும் மடலான ரட்டர், ஸ்டிக் வலம் என்றால் வலம். தலைகீழாக இருந்தால் டிரான்ஸ்மிட்டர், அதாவது கையிலிருக்கும் ரிமோட்டின் மெனுவில் ரிவர்ஸ் செய்தால் போதும். சர்வோ மாற்றிய நாளிலும், டிரான்ஸ்மிட்டரில் வேறு மாடலைத் தேர்ந்தெடுத்த நாளிலும் இதை மறுபடி பாருங்கள். தலைகீழ் ஏலரானோடு மேலே போன விமானத்தைக் காப்பாற்ற அனுபவசாலிக்கும் கஷ்டம்.

## ஃபெயில்சேஃப்

ப்ரொபெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், சிக்னல் அறுந்ததும் மோட்டாரை நிறுத்தும் ஃபெயில்சேஃப் அமைக்காமல் வெளியே எடுத்துப் போகாதீர்கள்.

## வெயில்

நம் ஊர் வெயிலில் மூடிய காருக்குள் மதியம் வரை கிடந்த விமானத்தில் ஹாட் க்ளூ இளகிவிடும். மோட்டார் தாங்கும் பலகை அசைகிறதா என்று கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லைப்போவையும் அங்கே விட்டுவைக்காதீர்கள்.

## பேட்டரி தீரும்வரை பறப்பது

முழுதாக ஏறிய 3 செல் லைப்போ 12.6 வோல்ட். ஒரு செல் 3.5 வோல்ட்டுக்கு வருவதற்குள் தரையில் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் டிரான்ஸ்மிட்டரில் 5 நிமிடத்துக்கு டைமர் வைத்துவிடுங்கள். இறங்கியதும் மீதி எவ்வளவு என்று அளந்து, பிறகு நேரத்தைக் கூட்டலாம். பல நாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்திருங்கள்.

## காற்று

காலை 6 மணிக்கு வாருங்கள். சென்னையில் கடற்காற்று ஏறிய பிறகு முதல் பறப்பு வேண்டாம். கோவைப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று ட்ரெய்னரை நின்ற இடத்திலேயே நிறுத்திவைக்கும், அந்த மாதங்களைக் கட்டுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றோடு போகும்போது விமானம் தரையிலிருந்து பார்க்க வேகமாகத் தெரியும். பயந்து, மோட்டார் வேகத்தை மாற்றும் த்ராட்டிலைக் குறைத்து, அதே சமயம் எலிவேட்டரை இழுத்துத் திருப்புகிறார்கள். இறக்கைக்குக் கிடைக்கும் காற்றின் வேகம் அப்போது குறைவு, திருப்பத்தில் ஸ்டால் ஆகிவிடும். முதல் பறப்பில் நேராக ஏறி, 40, 50 மீட்டர் உயரம் வந்த பிறகுதான் திருப்ப வேண்டும். அந்த உயரம் இருந்தால் ஒரு தவறைச் சமாளிக்கலாம்.

## விமானம் உங்களை நோக்கி வரும்போது

இடமும் வலமும் மாறித் தெரியும். எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள், நேராகிவிடும். இதைப் படித்தால் விரலுக்கு வராது. பிகாசிம் போன்ற இலவச சிமுலேட்டரில், உங்கள் டிரான்ஸ்மிட்டரையே கேபிளில் இணைத்து, யோசிக்காமல் கை போகும்வரை பழகுங்கள். சிமுலேட்டரை விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்கள் ஃபோம் போர்டுக்குத்தான் அதிகம் செலவழிக்கிறார்கள்.

## இடம்

2021 ட்ரோன் விதிகள் வந்த பிறகு அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் வான்வெளி வரைபடம் இருக்கிறது. உங்கள் ஏரி பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகியவற்றில் எந்த நிற மண்டலத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். சென்னையின் தெற்குப் புறநகரில் இருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும், மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் பக்கத்தில் இருக்கின்றன. ஏரியில் மாடு மேய்க்க வருகிறவர்களிடம் போய், எந்தப் பக்கம் பறக்கவிடப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு, அவர்கள் மாடுகளை ஒதுக்கிய பிறகு பேட்டரியை இணையுங்கள்.