பகுதி நேர ஸ்னூக்கர் பயிற்சியாளராக ஆசையா?

பெரிய பிரேக் (ஒரே முறையில் தொடர்ந்து பந்துகளைப் போட்டு எடுக்கும் புள்ளிகள்) அடிப்பது ஒரு திறமை, அதைச் சொல்லிக் கொடுப்பது வேறு திறமை. யோசிக்காமலே செய்யும் ஒவ்வொன்றையும் பிரித்து விளக்கப் பழகுங்கள்.

இடத்துக்கு ஒரு கிளப்பில் பேசுங்கள். கூட்டமில்லாத நேரத்துக்கு மாணவர்களை அழைத்து வருகிறேன் என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். மேசை வாடகை யார் பொறுப்பு என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

முதல் வகுப்பில் பாக்கெட்டை மறந்துவிடலாம். வெள்ளைப் பந்தை பிரவுன் ஸ்பாட்டில் (பிரவுன் பந்துக்கான புள்ளியில்) வைத்து, புளூ, பிங்க், பிளாக் ஸ்பாட்டுகளின் மேலாக அடித்து, குஷனில் (மேசையின் ரப்பர் விளிம்பில்) பட்டு அதே கோட்டில் திரும்பி வர வைக்கச் சொல்லுங்கள். எளிதாகத் தெரியும், ஆனால் பழகியவர்களையே திணற வைக்கும். போகும்போதே பந்து விலகினால் பெரும்பாலும் குறி தவறு. நேராகப் போய்த் திரும்பும்போது மட்டும் விலகினால் நடுவில் அடிபடவில்லை, தெரியாமல் சைடு, அதாவது பக்கவாட்டுச் சுழற்சி, விழுகிறது. அப்புறம் போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துக் காட்டுங்கள். தலை தூக்குவதையும் பிடி இறுகுவதையும் அவரே பார்த்துவிடுவார்.

கண்ணில் பட்ட எல்லாத் தவறுகளையும் ஒரே நாளில் திருத்தாதீர்கள். ஒரு வகுப்புக்கு ஒரு மாற்றம், சரியா? நிறைய சொன்னால் மாணவர் குழம்பித்தான் போவார்.

சான்றிதழ் வேண்டுமென்றால் டபிள்யூ.பி.பி.எஸ்.ஏ. (உலகத் தொழில்முறை பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் சங்கம்) பயிற்சியாளர் படிப்புகளை நடத்துகிறது. சிறுவர்களுக்குக் கற்றுத் தரும்போது பெற்றோரில் ஒருவரை உடன் இருக்கச் சொல்லுங்கள், இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கட்டணத்தை மட்டும் முதல் வகுப்புக்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.