மைதானத்தில் 42 அடி வட்டம்: குதிரை சர்க்கஸுக்குக் களம் போடும் முறை

கியாரினியின் இத்தாலிய சர்க்கஸ் பம்பாயில் நடத்திய காட்சிதான் விஷ்ணுபந்த் சத்ரேயை 1880-இல் இந்தியக் குழு தொடங்கத் தூண்டியது. அந்தக் காலக் காட்சியை நாடகத்துக்கோ படப்பிடிப்புக்கோ மறுபடி அமைப்பவர்கள் கூடாரத்துக்குக் காசைக் கொட்டிவிட்டு, வட்டத்தில் கோட்டை விடுகிறார்கள்.

நடுவில் முளை அடித்து, 21 அடிக் கயிற்றால் கோடு போடுங்கள். லண்டனில் நவீன சர்க்கஸைத் தொடங்கிய பிலிப் ஆஸ்ட்லி காலத்தில் நிலைபெற்ற 42 அடி விட்டம் இது. எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அளவு மாறாது. குதிரைக்கும் புதுப்பாடம் கிடையாது.

வரம்பிலிருந்து 2 அடி உள்ளே ஓடும் குதிரை 8 விநாடியில் ஒரு சுற்று முடித்தால், குதிரையும் அதன் முதுகில் நிற்கும் ஆளும் சுமார் 20 பாகை உள்பக்கம் சாய்வார்கள். நிற்பவரை விழாமல் பிடித்திருப்பது இந்தச் சாய்வுதான். குதிரை திடீரென்று வேகம் குறைந்தால் ஆள் வட்டத்துக்குள்ளேயே விழுவார். ஆகவே வட்டத்தின் நடுவில் நின்று குதிரையை ஓட்டும் சவுக்குக்காரரின் முதல் வேலை வேகத்தைச் சீராக வைத்திருப்பது. சவுக்கு அடிக்க அல்ல, காட்டத்தான்.

மைதானத்து மண் கட்டாந்தரையாக இருக்கும். கொத்திக் கிளறி, தண்ணீர் தெளித்து, மேலே மரத்தூள் பரப்புங்கள். வரம்போரம் மண்ணைச் சற்று உயர்த்தி அணையுங்கள். தூள் காய்ந்தால் புழுதி கிளம்பும். ஊறினால் குளம்பு வழுக்கும். மழைக்காலத்தில் இந்த வேலையே வேண்டாம்.

குதிரை இடஞ்சுழியாக ஓட வேண்டும், இடது முன்னங்கால் முந்தி விழ வேண்டும். வலது கால் முந்தினால் முதுகு குலுங்கும். உடனே நிறுத்தி மறுபடி கிளப்புங்கள்.

பழகுபவருக்கு முதலில் அகலமான தட்டைச் சேணம். வெறும் முதுகில் நிற்பதென்றால் குதிரையின் பின்புட்டத்தில் பைன் பிசின் தூளைத் தேய்ப்பார்கள், கால் வழுக்காது. தூள் வெள்ளையாகத் தெரியும் என்பதால்தான் வெள்ளைக் குதிரைக்கு மவுசு! முழங்காலை மடக்கி, பார்வையைக் குதிரையின் காதுகளுக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள். குனிந்து தரையைப் பார்த்தால் நிலை தவறும். இடுப்புவாரில் கட்டிய கயிறு மேலே கப்பி வழியாக இன்னொருவர் கையில் இருக்கட்டும். அவர் பார்க்க வேண்டியது குதிரையை அல்ல, ஆளை.

பேண்டுக்காரர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: தாளத்துக்குக் குதிரை ஓடாது. குதிரையின் குளம்படிக்கு அவர்கள்தான் வாசிக்க வேண்டும்.