பழைய குவார்ட்ஸ் வாட்ச் வாங்குகிறீர்களா? காயிலைச் சோதித்துவிட்டுக் காசு கொடுங்கள்

கூத்தாநல்லூர், நாகூர், மன்னார்குடி என்று சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்ச் சம்பாதித்த ஊர்களில் பழைய ராடோ, ஒமேகா, சீகோவுக்குப் பஞ்சமே இல்லை. அதில் செல் இல்லாமல் கை அசைவிலேயே ஓடும் ஆட்டோமேட்டிக்குக்கு ஓடுகிறவர்கள், செல் போட்ட குவார்ட்ஸ் வாட்ச் என்றால் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. 1969 டிசம்பர் 25-ல் சீகோ விற்பனைக்கு விட்ட ஆஸ்ட்ரான்தான் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம், தங்கக் கூடு, விலை 4,50,000 யென், அன்றைக்கு ஜப்பானில் அந்தப் பணத்துக்குச் சின்னக் காரே வாங்கலாம். ரோலெக்ஸே 1977-ல் ஆய்ஸ்டர்குவார்ட்ஸ் என்று ஒரு குவார்ட்ஸ் வாட்ச் கொண்டுவந்தது.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு மல்டிமீட்டர், பிளாஸ்டிக் முனை வைத்த இடுக்கி, பின்மூடி திறக்கும் கருவி போதும். இரும்பு இடுக்கி வேண்டவே வேண்டாம், செல்லின் இரண்டு பக்கத்தையும் ஒரேயடியாகத் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும்.

விற்பவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "செல் போட்டா ஓடும்." மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். செல் இருக்கும் குழியில் பச்சையாகப் பூத்திருந்தால் பழைய செல் கசிந்திருக்கிறது. பல்குச்சியைத் துளி வினிகரில் தொட்டு அந்தப் பூச்சை மட்டும் எடுத்து, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும், வினிகர் காயில் என்கிற செம்புக் கம்பிச் சுருள் பக்கம் போகக்கூடாது.

பலரும் தடுக்கி விழும் இடம் அந்தக் காயில்தான். குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிர, சர்க்யூட் அதைப் பதினைந்து முறை பாதியாக்கி நொடிக்கு ஒரு துடிப்பாகக் காயிலுக்கு அனுப்புகிறது, காயில் ஒரு குட்டிக் காந்தத்தைத் திருப்ப, முள் நகர்கிறது. தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றியிருப்பார்கள். அதில் ஒரு இழை அறுந்தால் போதும், புதுச் செல் போட்டும் வாட்ச் அசையாது. செல்லைக் கழற்றிவிட்டு மீட்டரை மின்தடை அளக்கும் 20 கிலோ ஓமில் வையுங்கள். காயிலின் இரண்டு முனையும் சர்க்யூட்டில் பற்றவைத்திருக்கும் பளபளப்பான புள்ளிகளை மட்டும் தொடுங்கள், கம்பியைத் தொடவே கூடாது. மீட்டரின் முனை தடிமனாக இருந்தால் அதில் ஒரு தையல் ஊசியைக் கட்டிக்கொள்வது நல்லது. ஒன்றிலிருந்து மூன்று கிலோ ஓம் வரை காட்டினால் காயில் பொதுவாக நலம். எண்ணே வராமல் ஓவர்லோடு காட்டினால் காயில் போச்சு, அந்த மிஷினுக்கு, அதாவது வாட்சுக்குள் இருக்கும் இயந்திரத்துக்கு, மாற்றுக் காயில் கிடைக்குமா என்று தெரியாமல் காசு கொடுக்காதீர்கள்.

செல் விஷயத்தில் நான் விடாப்பிடியானவன். எஸ்ஆர் என்று தொடங்கும் சில்வர் ஆக்ஸைடு மட்டும்தான், 1.55 வோல்ட்டை முடியும்வரை கிட்டத்தட்ட அப்படியே தரும். எல்ஆர் என்று தொடங்கும் ஆல்கலைன் மலிவு, ஆனால் வோல்ட் இறங்கிக்கொண்டே போகும், கசியவும் செய்யும். செல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஷார்ட் ஆகாமல் காப்பது அதுதான்.

ராடோ வாங்கினால் டயலில் இருக்கும் நங்கூரச் சின்னத்தைப் பாருங்கள். அசைத்தால் சுற்றுகிற நங்கூரம் ஆட்டோமேட்டிக்கின் அடையாளம். குவார்ட்ஸ் என்று எழுதிய டயலில் அது சுற்றினால் ஏதோ மாற்றியிருக்கிறார்கள்.

நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் உப்புக்காற்று, ஐப்பசி அடைமழை வேறு. ஓட்டாமல் வைக்கும் வாட்சில் செல்லைக் கழற்றிவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் போடுங்கள்.

பின்சேர்க்கை: காயில் சரி, செல் புதுசு, ஆனாலும் ஓடவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். சாவியை, அதாவது நேரம் திருப்பும் பக்கக் குமிழை, முழுக்க உள்ளே அழுத்திப் பாருங்கள். வெளியே இழுத்திருந்தால் பல மிஷின்களில் முள் நின்றுவிடும். இன்னொருவருக்கு நொடிமுள் நான்கு நொடியாகத் தாவுகிறதாம். அது பழுதில்லை, செல் தீரப்போகிறது என்று பல வாட்சுகள் அப்படித்தான் சொல்லும். சந்தையில் இதைக் காட்டி யாராவது பழுது என்று விலையை இறக்கினால் தாராளமாக வாங்குங்கள்.