"எப்போ கல்யாணம்?" என்ற கேள்வியைச் சமாளித்த கதை

எனக்கு 29 வயது. ஒரு கட்டத்தில் உறவினர் வீட்டு விசேஷம் என்றாலே வயிற்றைப் பிசையும். யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால் நீளமாக விளக்குவேன்: வேலை, படிப்பு, சரியான ஆள் அமையவில்லை. அங்கேதான் தப்பு. ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்களிடம் ஒரு மறுப்பு தயாராக இருக்கும்.

அப்புறம் காரணம் சொல்வதையே விட்டுவிட்டேன். "முடிவானா சொல்றேன் அத்தை. உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு?" அவ்வளவுதான். மறுபடி கேட்டால் அதே வாக்கியம், அதே குரல். மூன்றாவது தடவைக்கு மேல் யாரும் கேட்டதில்லை. (முழங்கால் கதை அரை மணி நேரம் ஓடும், அது வேறு.)

அம்மாவிடம் இது செல்லாது. தனியாக உட்கார்ந்து, என்ன பயம் என்று கேட்டேன். "எனக்குப் பிறகு உனக்கு யாரு?" என்றார். ஊர் வாய்க்குப் பயப்படுகிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என் சேமிப்பு, மருத்துவக் காப்பீடு, அவசரத்துக்கு ஓடிவரும் தோழிகள் என எல்லாவற்றையும் சொன்னேன். முழுதாகச் சமாதானமாகவில்லை. ஆனால் இந்தப் பேச்சு மாதத்துக்கு ஒரு முறைதான் என்று ஒப்புக்கொண்டார். போன மாதம் அவரே மறந்துவிட்டார்.