பெரிய பார் வாங்கப் போகிறீர்களா? செயின்சா வைத்திருப்பவர்கள் கடையில் செய்யும் தவறுகள்

"அண்ணே, 22 இன்ச் பிளேடு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு கடைக்குள் போனேன். கடைக்காரர் உள்ளே போய், புல் வெட்டும் மெஷினுக்கு மாட்டுகிற வட்டத் தகடு ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "22 எல்லாம் கிடையாது தம்பி, 80 பல்லு இருக்கு, நல்லா வெட்டும்" என்றார். அவர் மேல் தப்பில்லை. நான் கேட்டதுதான் தப்பு. செயின்சா என்கிற மரம் அறுக்கும் மெஷினில், செயின் ஓடுகிற அந்த நீள இரும்புப் பட்டைக்குப் பெயர் கைடு பார், சுருக்கமாக பார். ஊரில் பாதிப் பேர் அதை பிளேடு என்றுதான் சொல்கிறோம், அதனால் போனில் கேட்கும்போது "செயின்சா பார்" என்றே சொல்லுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

எங்கள் பக்கம் இந்த மெஷின்கள் வீட்டுக்கு வீடு வந்தது கஜாவுக்குப் பிறகுதான். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே புயல் கரையேறிப் போன பிறகு, தோப்பு முழுக்கத் தென்னை படுத்துக் கிடந்தது. கிடைத்த மெஷினை வாங்கினோம். தென்னைக்கு 16 இன்ச், 18 இன்ச் பார் தாராளம். அடிமரத்தின் வேர்ப் பக்கத்தை விட்டுவிட்டால் அதற்கு மேல் தேவையே வராது. இப்போது அதே மெஷினைக் கொண்டுபோய் கண்மாய்க்கரைப் புளியமரத்திலும் ரோட்டோரத் தூங்குமூஞ்சியிலும் வைக்கும்போதுதான் பார் போதவில்லை, பெருசு வேண்டும் என்று கடை கடையாக ஏறுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கடைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்: பெரிய பார் தேடுகிறவர்களில் பல பேருக்கு அது தேவையே இல்லை. 18 இன்ச் பாரை வைத்து 18 இன்ச் மரம்தான் அறுக்க முடியும் என்று நினைப்பதுதான் எல்லாத் தவறுக்கும் தாய். கீழே கிடக்கிற கட்டையை இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று இரண்டு பக்கமும் போய் அறுத்தால், பாரின் நீளத்தைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தடிமனுள்ள மரத்தைத் துண்டாக்கலாம். நிற்கிற மரத்தைச் சாய்ப்பதற்கும் கைதேர்ந்தவர்கள் சுற்றி வந்து அறுப்பார்கள், ஆனால் அது பழகாதவர்கள் செய்கிற வேலை இல்லை. பலகை போடப் போகிறீர்கள், அடிமரம் 3 அடிக்கு மேல் இருக்கிற மரமே உங்கள் அன்றாட வேலை, குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகிறது, இந்த மாதிரிக் காரணம் இருந்தால் வாங்குங்கள். வருஷத்துக்கு ஒரு புளியமரத்துக்காக என்றால், பெரிய மெஷின் வைத்திருப்பவரை ஒரு நாள் கூலிக்குக் கூப்பிடுவதுதான் லாபம்.

அப்புறம் இஞ்சின். பாரைப் பெருசாக்கினால் மெஷின் பெருசாகிவிடாது. 32 சிசி அளவுள்ள சின்ன மெஷின் 14, 16 இன்ச்சை இழுக்கும். 45 சிசிக்கு 16, 18. ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 382 மாதிரி 72 சிசி இருந்தால் 20, 25 இன்ச்சில் நிம்மதியாக வேலை செய்யலாம். 90 சிசிக்கு மேல் போனால்தான் 36 இன்ச் பற்றிப் பேச வேண்டும். மேனுவலில் அதிகபட்ச நீளம் போட்டிருக்கும், கடைப் பையனிடம் கேட்பதற்கு முன்னால் அதைப் பாருங்கள். விலை மலிவான மெஷின்களில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள சிசியை நான் அப்படியே நம்புவதில்லை. அதோடு 22 இன்ச் பார் பெட்டியிலேயே வருகிறது என்பதற்காக அந்த மெஷின் வைரம் பாய்ந்த புளியில் 22 இன்ச்சையும் முழுசாகப் புதைத்து இழுக்கும் என்று அர்த்தம் இல்லை. அமுக்கி அறுப்போம், செயின் நிற்கும், இஞ்சின் மட்டும் கத்தும், கிளட்ச் வெந்துபோகும்.

இவ்வளவுக்குப் பிறகும் வேண்டும் என்றால், சரி, கடைக்குப் போகலாம். அங்கே நாம் செய்கிற பெரிய தவறு இன்ச்சை மட்டும் சொல்வது. அந்த இன்ச்சையும் தப்பாக அளந்துகொண்டு போவோம். பாரைக் கழற்றி முனை முதல் அடி வரை டேப் வைத்து அளக்கக் கூடாது. அதில் ஒரு பகுதி மெஷின் மூடிக்குள் போய்விடும். மெஷினில் மாட்டியிருக்கும்போதே, மூடி முடிகிற இடத்திலிருந்து முனை வரை அளப்பதுதான் கணக்கு. என் மாமா கழற்றி அளந்துவிட்டு, தன்னிடம் இருப்பது 20 என்றே இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார், அது 18. அதிலும் கம்பெனிக்குக் கம்பெனி எண் மாறும். 3/8 பிட்ச்சில் 84 டிரைவ் லிங்க் (இரண்டும் என்ன என்று அடுத்துச் சொல்கிறேன்) ஓடுகிற பாரை ஸ்டில் 25 இன்ச் என்று எழுதுகிறது, ஹஸ்க்வர்னா 24 என்று எழுதுகிறது. அதனால் இன்ச் என்பது பேச்சுக்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான்.

கடைக்காரருக்கு உண்மையில் வேண்டியது மூன்று எண்கள்: பிட்ச், காடியின் கனம், டிரைவ் லிங்க் எண்ணிக்கை. பிட்ச் என்பது செயினின் ரிவிட்டுகளுக்கு நடுவே உள்ள சராசரி இடைவெளி, காடி என்பது பாரின் விளிம்பில் செயின் ஓடுகிற பள்ளம். டிரைவ் லிங்க் என்பது செயினுக்கு அடியில், பாரின் காடிக்குள் ஓடுகிற கூர்ப்பல். பழைய பாரில் மெஷினோடு மாட்டுகிற அடிப்பக்கத்தை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துப் பாருங்கள், பெரும்பாலும் மூன்றும் அங்கே அடித்திருக்கும். அழிந்து போயிருந்தால் செயினை வைத்து அளக்கலாம். அடுத்தடுத்த மூன்று ரிவிட் எடுத்துக்கொள்ளுங்கள், முதல் ரிவிட்டின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடு வரை அளந்து இரண்டால் வகுத்தால் அதுதான் பிட்ச். அந்த மூன்று ரிவிட் தூரம் 16.5 மில்லி வந்தால் பிட்ச் 0.325 இன்ச். 19 மில்லி வந்தால் 3/8. 20.5 வந்தால் 0.404, அது பெரிய மெஷின் சமாச்சாரம். காடியின் கனத்துக்கு ஏதாவது லேத் பட்டறையில் வெர்னியர் வாங்கி டிரைவ் லிங்க்கின் தடிமனைப் பாருங்கள்: 1.1, 1.3, 1.5, 1.6 மில்லி, இந்த நாலில் ஒன்றாக இருக்கும். ஸ்டில் செயினாக இருந்தால் டிரைவ் லிங்க்கிலேயே ஒரு ஒற்றை எண் பொடிசாக அடித்திருக்கும், 3 என்றால் 1.3, 6 என்றால் 1.6. கண்ணாடி போட்டுக்கொண்டு வெயிலில் பாருங்கள், தெரியும்.

இந்த 3/8-ல் ஒரு சிக்கல் இருக்கிறது. சின்ன மெஷின்களில் வருகிற 3/8 வேறு, பெரிய மெஷினில் வருகிற 3/8 வேறு. சின்னதை லோ புரொஃபைல் என்பார்கள், ஸ்டில்லில் பிக்கோ என்று பெயர். எண் ஒன்றேதான், ஆனால் செயினும் அதைச் சுழற்றுகிற பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டும் ஒன்றுக்கொன்று சேராது. "3/8 கொடுங்க" என்று மொட்டையாகக் கேட்டு, பெட்டியில் 3/8 என்று போட்டிருப்பதைப் பார்த்துத் திருப்தியாக வாங்கி வந்து, வீட்டில் மாட்ட முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காடியின் கனம் மாறினால் இன்னும் மோசம், ஏனென்றால் ஒரு பக்கம் அது மாட்டிக்கொள்ளும். 1.6 செயின் 1.5 காடிக்குள் போகாது, அதனால் கடையிலேயே தெரிந்துவிடும். 1.5 செயின் 1.6 காடிக்குள் அழகாகப் போகும், ஓடும். ஓடும்போது சாயும். வெட்டு ஒரு பக்கமாக வளைந்துகொண்டே போகும், நாமோ அரம் சரியில்லை என்று அரத்தைத் திட்டிக்கொண்டிருப்போம்.

நான் சிக்கிய இடம் இதெல்லாம் இல்லை. எனக்குப் பிட்ச் சரி, கனம் சரி, லிங்க் எண்ணிக்கைகூடச் சரி. பிடிமானம் தப்பு. பாரின் அடியில் மெஷினின் போல்ட் நுழைகிற நீளப் பிளவு ஒன்று இருக்கும், செயினை டைட் செய்யும் பின் உட்காருகிற துளை இருக்கும், ஆயில் வருகிற சின்னத் துளை இருக்கும். இந்த மூன்றும் எங்கே எந்த அளவில் இருக்கின்றன என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியிலும் சின்ன மெஷினுக்கும் பெரிய மெஷினுக்கும் மாறும். ஸ்டில் பார்களின் எண் 3005 என்று தொடங்கினால் சின்னப் பிடிமானம், 3003 என்றால் பெரியது. இது எனக்கு அப்போது தெரியாது. இரண்டு பஸ் மாறிப் போய் வாங்கிய பார், பிளவு கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. கடையில் இருந்தவர், "லேசா ராவிப் போட்டா உட்கார்ந்துக்கும்ணே" என்றார். ராவினோம், உட்கார்ந்தது. ஆயில் துளை மட்டும் ஒரு நூல் தள்ளி நின்றதை யாரும் பார்க்கவில்லை. ஒரு வாகைமரத்தில் கால் மணி நேரம்கூட ஓட்டியிருக்க மாட்டேன், புகை வாசனை. நிறுத்திப் பார்த்தால் பாரின் மேல்விளிம்பு நீலம் பாய்ந்து கிடக்கிறது, பெயிண்ட் பொரிந்து உரிகிறது, செயினில் தொட்டுப் பார்க்க ஒரு பொட்டு ஆயில் இல்லை. டேங்கில் ஊற்றிய ஆயில் எல்லாம் மூடிக்குள்ளேயே வழிந்து மரத்தூளோடு சேர்ந்து களி மாதிரி அப்பிக் கிடந்தது. ராவினால் போதும் என்று யாராவது சொன்னால் பாரை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இதற்கு ஒரே வழி, பழைய பாரைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போவது. கடையில் புதிய பாரின் மேல் பழையதை வைத்துப் பாருங்கள். பிளவும் துளைகளும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தி, அடியிலிருந்து பார்த்தால் வெளிச்சம் தெரிய வேண்டும். மெஷினையே தூக்கிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. டீலர் தூரம் என்றால் அடிப்பக்கத்தை ஒரு ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, பதில் வந்த பிறகு பஸ் ஏறுங்கள். "இருக்கு, வாங்க" என்ற ஒரு வார்த்தையை நம்பி ஏறாதீர்கள். அவர் எந்த பாரை நினைத்து இருக்கு என்றார் என்பது போன பிறகுதான் தெரியும்.

உள்ளூர்க் கடையில் பெரிய பார் ஏன் கிடைப்பதில்லை என்று அவர்களைக் குறை சொல்வதிலும் நியாயம் இல்லை. எது ஓடுகிறதோ அதைத்தான் வைப்பார்கள். தென்னை ஊரில் 18-ம் 22-ம் ஓடும், 30 இன்ச்சை வாங்கி வைத்தால் மாட்டிய கொக்கியிலேயே துருப்பிடிக்கும். அதனால் கடையைத் தேடுவதற்குப் பதிலாக, பெரிய மரம் அறுக்கிறவர் யார் என்று தேடுங்கள். மரவாடி, மரக் காண்டிராக்டர், மேட்டுப்பாளையம், செங்கோட்டை மாதிரி மர வியாபாரம் நடக்கிற ஊர்கள், எஸ்டேட் வேலை உள்ள மலையடிவார ஊர்கள். அவர்கள் எங்கே பார் வாங்குகிறார்களோ அந்தக் கடைதான் உங்கள் கடை. கம்பெனி டீலர் என்றால் பார்ட் எண்ணைச் சொல்லி ஆர்டர் போடச் சொல்லலாம். அட்வான்ஸ் கேட்பார், கொடுங்கள், ஆனால் மெஷின் மாடல், இன்ச், பிட்ச், கனம், லிங்க் எண்ணிக்கை எல்லாவற்றையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தப்பாக வந்தால் திருப்பிக் கொடுக்க அந்தச் சீட்டுதான் பேசும்.

பாரை வாங்கிவிட்டு, செயினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வருவது இன்னொரு தவறு. பழைய செயின் பெரிய பாருக்கு எட்டவே எட்டாது. நீளமான பாருக்கு ரெடிமேட் செயின் எல்லாக் கடையிலும் தொங்காது. ரோலில் இருந்து வெட்டிக் கோத்துத் தருகிற கடையாகப் பாருங்கள், லிங்க் எண்ணிக்கையைச் சொன்னால் அங்கேயே ரிவிட் அடித்துக் கொடுப்பார்கள். எண்ணும்போது ஒரு லிங்க்கில் நெயில் பாலிஷ் வைத்துவிட்டு எண்ணுங்கள், எங்கே தொடங்கினோம் என்று தெரியாமல் மூன்று தரம் எண்ண வேண்டியிருக்காது. வாங்கும்போதே இரண்டு செயினாக வாங்கிவிடுங்கள். 28 இன்ச்சுக்கு மேல் போகிறவர்கள், பல் தள்ளித் தள்ளி இருக்கிற ஸ்கிப் செயின் கிடைக்குமா என்று கேட்கலாம், இஞ்சினுக்குச் சுமை குறையும், தீட்ட வேண்டிய பல்லும் குறைவு. பிட்ச்சை மாற்றுகிறீர்கள் என்றால் ஸ்பிராக்கெட்டையும் மாற்றியே ஆக வேண்டும், பாரின் முனையில் உள்ள சின்னச் சக்கரமும் அதே பிட்ச்சாக இருக்க வேண்டும்.

மலைப்பகுதிக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: 1955-ம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பட்டா நிலத்து மரத்துக்கும் பொருந்தலாம், பாருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அனுமதி விஷயத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நேராக மரத்துக்குப் போகாதீர்கள். ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தரையில் போட்டு, பாரின் முனையை அதற்கு ஒரு ஜாண் மேலே பிடித்து அரை நிமிஷம் வேகமாக ஓட்டுங்கள். அட்டையில் மெல்லிசாக ஆயில் கோடு விழ வேண்டும். விழவில்லையா, அந்த பாரை அன்று பயன்படுத்தாதீர்கள். ஆயில் அளவைக் கூட்டுகிற திருகு உள்ள மெஷின் என்றால் கூட்டுங்கள். பல சின்ன மெஷின்களில் அந்தத் திருகே கிடையாது, 16 இன்ச்சுக்கு ஊறுகிற ஆயில்தான் 20-க்கும் ஊறும், முனைக்கு வருவதற்குள் தீர்ந்துவிடும். கழிவு ஆயில் ஊற்றும் பழக்கம் இருந்தால் பெரிய பாரில் அதை நிறுத்துங்கள், காடிக்குப் பிடிப்பில்லாமல் சிதறிவிடும். முனை எங்கே இருக்கிறது என்ற நினைப்பும் வேண்டும். நீளம் கூடக் கூட முனை நம் கண்ணுக்கு மறைவாகப் பின்னால் இருக்கிற கட்டையைத் தொடும், தொட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும்.

புதுச் செயின் முதல் நாள் நீளும். நாலு வெட்டுக்கு ஒரு தரம் நிறுத்தி டைட் பாருங்கள். பாரின் நடுவில் செயினைத் தூக்கினால் டிரைவ் லிங்க் காடியை விட்டு முழுசாக வெளியே வரக் கூடாது, கையால் இழுத்தால் சுற்ற வேண்டும். சூட்டில் டைட் வைத்திருந்தால், வேலை முடிந்ததும் மறக்காமல் தளர்த்திவிட்டு பாருக்கு உறையை மாட்டுங்கள். ஆறும்போது செயின் சுருங்கி, ராத்திரி முழுக்க பாரையும் இஞ்சின் ஷாஃப்ட்டையும் இழுத்துப் பிடித்துக்கொண்டே நிற்கும்.