டிரேக் நீரிணையைக் குமட்டாமல் கடப்பது எப்படி?

அண்டார்டிகா கப்பல்கள் பெரும்பாலும் அர்ஜென்டினாவின் உசுவாயா துறைமுகத்திலிருந்துதான் கிளம்புகின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை சீசன். தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவில் டிரேக் நீரிணை: போக இரண்டு நாள், வர இரண்டு நாள். அந்த அட்சரேகையில் உலகத்தைச் சுற்றி எங்குமே நிலம் குறுக்கிடாததால், மேற்கிலிருந்து வரும் காற்றும் அலையும் தடையில்லாமல் வளர்ந்து வருகின்றன. நல்ல நாளில் அலை 2 மீட்டர் இருக்கும். மோசமான நாளில் 8 மீட்டரையும் தாண்டும். எந்த நாள் வாய்க்கும் என்று டிக்கெட் வாங்கும்போது யாராலும் சொல்ல முடியாது. அதனால் மோசமான நாளுக்கே தயாராகுங்கள்.

படி 1: அறையைச் சரியாகப் பிடியுங்கள்

பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். கப்பலின் முன்பக்கம் எழும்பி விழும்போது நடுப்பகுதி அதிகம் அசைவதில்லை. ஆகவே நீளவாக்கில் நடுவிலும், முடிந்தவரை கீழ்த்தளத்திலும் அறை கேளுங்கள். விலை அதிகமான மேல்தள பால்கனி அறைதான் அதிகம் ஆடும்! 'எங்கள் கப்பலில் ஸ்டெபிலைசர் இருக்கிறது' என்று விற்பனையாளர் சொல்வார். உண்மைதான். ஆனால் கப்பலின் இரு பக்கமும் நீருக்குள் நீண்டிருக்கும் அந்தத் துடுப்புகள் பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் குறைக்கும். முன்பின்னாக எழும்பி இறங்குவதை அவற்றால் தடுக்க முடியாது. குமட்டலைக் கிளப்புவதில் அந்த ஏற்ற இறக்கம்தான் முதலிடம், அதிலும் ஐந்து விநாடிக்கு ஒருமுறை என்ற கதியில் வந்தால்.

படி 2: மாத்திரையை ஊரிலேயே முடிவு செய்யுங்கள்

உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது. அறைச் சுவரைப் பார்க்கும் கண் 'ஆடவில்லை' என்கிறது. இந்த முரண்தான் குமட்டலாகிறது. மாத்திரைகள் அந்தச் செய்தி மூளையின் வாந்தி மையத்துக்குப் போவதை முன்கூட்டியே மட்டுப்படுத்துகின்றன. தொடங்கிய பிறகு விழுங்கினால் பலன் குறைவு, ஏனென்றால் குமட்டும்போது இரைப்பை வேலையை நிறுத்திவிடும், மாத்திரை அங்கேயே கிடக்கும்.

நம் ஊர் மருந்துக்கடையில் பலரும் கேட்டு வாங்குவது அவோமின் 25 மி.கி. நீண்ட பயணத்துக்கு முந்தைய இரவு படுக்கும்போது ஒன்று, பிறகு தினமும் இரவில் ஒன்று. நன்றாகத் தூக்கம் வரும். மெக்லிசின் 25 முதல் 50 மி.கி. வரை, ஒரு மணி நேரம் முன்னதாக, நாளுக்கு ஒருமுறை. இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது, மதுவோடும் கூடாது. குளுகோமா, புராஸ்டேட் தொல்லை, கர்ப்பம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். கிளம்பும் முன் வீட்டில் ஒரு விடுமுறை நாளில் போட்டுப் பார்த்துவிடுங்கள், எவ்வளவு மந்தமாக்குகிறது என்று தெரியும். எல்லாரும் பையில் வைத்திருக்கும் ஒண்டான்செட்ரான் வயிற்றுக் கோளாறு வாந்திக்கு நல்லது. கடல் ஆட்டத்துக்கு அது பெரிதாக உதவாது.

படி 3: பீகிள் கால்வாயிலேயே தயாராகுங்கள்

கிளம்பிய முதல் சில மணி நேரம் கால்வாயில் கப்பல் அசையாது. 'இவ்வளவுதானா' என்று தோன்றும். மாத்திரை அப்போதே உள்ளே போயிருக்க வேண்டும். தண்ணீர் பாட்டில், கேமரா, லேப்டாப் எல்லாவற்றையும் மேசையிலிருந்து எடுத்துத் தரையிலோ அலமாரியிலோ வையுங்கள். இரவில் அவை பறக்கும்.

படி 4: திறந்த கடலில்

வெறும் வயிறு கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. உப்பு பிஸ்கட், வெறும் சோறு, ஆப்பிள் கொஞ்சம் கொஞ்சமாக. இஞ்சி மரப்பா சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. மாத்திரைக்குப் பதிலாக அதை நம்ப வேண்டாம். மொபைலைப் பார்ப்பதுதான் மிக வேகமாகக் கவிழ்க்கும். கப்பலின் நடுவே ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். முடியாவிட்டால் கண்ணை மூடி, தலையை அசைக்காமல் மல்லாந்து படுங்கள். பாதி சாய்ந்து படம் பார்ப்பது உதவாது.

நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில். கதவின் விளிம்பைப் பிடிக்கவே கூடாது. கப்பல் சாய்ந்ததும் கனமான கதவு அறைந்து விரலை நசுக்கும்.

வாந்தி தொடங்கிவிட்டால்

மாத்திரையை மீண்டும் மீண்டும் விழுங்காதீர்கள். கப்பல் மருத்துவரிடம் போனால் ஊசி போடுவார். ஓ.ஆர்.எஸ். கரைசலை, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கலந்து, சில நிமிடத்துக்கு ஒரு வாய் வீதம் குடியுங்கள். ஒரு நாள் முழுக்க எதுவும் வயிற்றில் நிற்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது என்றால் வெட்கப்படாமல் மறுபடி போங்கள்.

திரும்பும்போது

உடல் பழக இரண்டு மூன்று நாள் பிடிக்கும். பழகும் நேரத்தில் பனிக்கட்டிகளுக்கு நடுவே அமைதியான நீர் வந்துவிடும். சில நாள் அங்கே கழிந்ததும் பழக்கம் கலைந்துவிடும். எனவே திரும்பும் பயணத்துக்கும் முந்தைய இரவே மாத்திரை, எண்ணிக்கையை அதற்கேற்ப வாங்குங்கள். எதுவுமே ஒத்துவராதவர்கள் சிலியின் புன்டா அரீனாஸிலிருந்து அண்டார்டிகாவை ஒட்டிய கிங் ஜார்ஜ் தீவுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பறந்து, அங்கே கப்பல் ஏறும் பயணத்தைப் பார்க்கலாம். செலவு கூடும், வானிலையால் விமானம் தள்ளிப்போவதும் உண்டு.

கரையேறியபின் ஓரிரு நாள் தரை ஆடுவதுபோல் இருக்கும், தானாகப் போய்விடும். ஒரு மாதத்தைத் தாண்டியும் ஆடினால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.